ஈரலில் கொழுப்பு: ஸ்கேன் சீட்டோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சுகர், பிரஷர் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போவார்கள். கல் இருக்கிறதோ என்று பயந்து போயிருப்பார்கள். கல் இருக்காது. ஆனால் சீட்டின் கடைசி வரியில் 'கிரேட் 1 ஃபேட்டி லிவர்' என்று இருக்கும். அதைப் படித்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் ஒரு பக்கம். அதை மஞ்சப்பைக்குள் மடித்து வைத்துவிட்டு மூன்று வருஷம் கழித்து வருபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரிடமும் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

சிஸ்டர், நான் ஒரு சொட்டு கூடக் குடிச்சதில்லை. எனக்கு எப்படி ஈரல் கெடும்?

முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். நம் பக்கத்தில் ஈரல் கெட்டுவிட்டது என்றாலே குடி என்றுதான் அர்த்தம். சூளகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, சீட்டை நீட்டும் முன் கதவைச் சாத்தச் சொன்னார். 'மருமக பார்த்தா என்ன நினைப்பா' என்றார். குடிக்காத, கறி கூடச் சாப்பிடாத மனுஷி அவர். இந்த வெட்கத்தாலேயே எத்தனை பேர் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. குற்றம் செய்தவர்களுக்கு வரும் நோய் இல்லை இது. உலகத்தில் வயது வந்தவர்களில் பத்தில் மூன்று பேருக்கு இருக்கிறது. சுகர் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது.

வரும் வழி இப்படி. நாம் சாப்பிடும் சோறு, களி, சர்க்கரை எல்லாம் ரத்தத்தில் குளுக்கோஸாகச் சேர்கிறது. அதைத் தசைக்குள் கொண்டு போய்ச் சேர்ப்பது இன்சுலின். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடி, உடம்பு அசைவது குறைந்தால், தசை இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. மிச்சமான மாவுச்சத்தை ஈரல் வாங்கிக் கொழுப்பாக மாற்றி வைக்கிறது. தொப்பையில் இருக்கும் கொழுப்பும் கரைந்து ஈரலுக்கே வந்து சேர்கிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலில், அணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளி தேங்கினால் அதற்குக் கொழுப்பு ஈரல் என்று பெயர். ஆக, கொழுப்பு சாப்பிட்டதால் மட்டும் வருவதில்லை. டீயில் போடும் சர்க்கரையும் இரண்டாவது முறை வாங்கும் சோறும் கூட அங்கே கொழுப்பாகத்தான் போய் உட்காருகின்றன.

எப்பவாவது குடிப்பேன். அது எந்தக் கணக்கு?

ஆணுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் ஆல்கஹாலுக்குள் இருந்தால்தான் 'மது சாராத கொழுப்பு ஈரல்' என்ற பெயர் பொருந்தும் என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பெரிய பீர் பாட்டில் ஒன்றில் சாதாரண வகையாக இருந்தாலே 25 கிராம். தினம் ஒரு குவார்ட்டர் என்றால் அந்த வரம்பைப் போல இரண்டு மடங்கு. ஒன்று கவனியுங்கள். 30 கிராம் என்பது நோய்க்குப் பெயர் வைக்க வைத்த கோடு. அதுவரை குடிக்கலாம் என்ற அனுமதி இல்லை. ஈரலில் ஏற்கெனவே கொழுப்பு இருப்பவர் அடியோடு விடுவதுதான் நல்லது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் வைத்தியமும் தப்பாகிவிடும்.

சீட்டில் வேறு பெயர் போட்டிருக்கிறதே?

பழைய பெயர் 'மது சாராக் கொழுப்பு ஈரல் நோய்', சுருக்கமாக 'நாஃபல்டி'. இதில் அழற்சியும் சேர்ந்த வகைக்கு 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்பவரும் உடன் இருந்தவர்களும் 'நாஷ்' என்று பெயர் வைத்தார்கள். 2023-ல் பல நாட்டு ஈரல் மருத்துவர்கள் கூடிப் பெயரை 'மாஸல்டி' என்று மாற்றினார்கள். வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் கொழுப்பு ஈரல் என்று பொருள். என்ன இல்லை என்று சொல்லும் பெயரை விட என்ன காரணம் என்று சொல்லும் பெயர் மேல், இல்லையா? எந்தப் பெயர் போட்டிருந்தாலும் நோய் ஒன்றுதான்.

கிரேட் 1 என்றால் ஒன்றுமில்லை, கிரேட் 3 என்றால் முடிந்தது என்று அர்த்தமா?

இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

ஸ்கேன் அறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றோடு படுக்க வைத்து, சில்லென்று ஜெல் தடவி, வலது விலாவுக்குக் கீழே கருவியை வைத்து, 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்பார்கள். அந்த நேரத்தில் திரையில் ஈரலும் வலது கிட்னியும் அடுத்தடுத்துத் தெரியும். நல்ல ஈரல் கிட்னியின் ஓரத்தைப் போன்ற சாம்பல் நிறத்திலேயே இருக்கும். கொழுப்பு இருந்தால் ஈரல் வெளுத்துப் பளபளக்கும். கொஞ்சம் வெளுப்பு என்றால் கிரேட் 1. உள்ளே ஓடும் ரத்தக் குழாயின் ஓரம் மங்கினால் 2. பின்பக்கமே தெரியாமல் மறைத்தால் 3. டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு இது. அதனால் இன்று 1 என்றும், வேறு இடத்தில் 2 என்றும் வரலாம். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான கொழுப்பு ஸ்கேனில் தெரியாமலும் போகலாம்.

இந்த கிரேட், கொழுப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறது. ஆபத்து கொழுப்பில் இல்லை, தழும்பில் இருக்கிறது. கொழுப்பு தேங்கிய ஈரல் சிலருக்கு அழற்சியாகிப் புண்படுகிறது. புண் ஆறும் இடமெல்லாம் தழும்பு விழுகிறது. தழும்பை 0 முதல் 4 வரை தனியாக எண்ணுவார்கள். 4 என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம். கிரேட் 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். கிரேட் 1 உள்ளவருக்கு ஈரல் சுருங்கியே இருக்கலாம். தழும்பு முற்றும்போது கொழுப்பு தானாகவே குறைவதும் உண்டு. 'போன தடவை 2, இப்ப 1, குறைஞ்சிருக்கு' என்று சந்தோஷப்படும் முன் அதனால்தான் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, தழும்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் படிக்கு உங்கள் கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டே போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. சீட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இருப்பவை ஈரல் என்சைம்கள். பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் அணு. வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்குங்கள். இது ஒரு விடை. எஸ்ஜிபிடி அளவின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இது இரண்டாவது விடை. (பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுக்க வேண்டும். 2.1 லட்சம் என்றால் 210.) முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வயது 45, எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 52, பிளேட்லெட் 2.1 லட்சம். 45-ஐ 38-ஆல் பெருக்கினால் 1710. 52-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.2. அதை 210-ஆல் பெருக்கினால் 1512. வகுத்தால் 1.13 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் இப்போதைக்கு முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே போனால் ஈரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே என்றால் அடுத்த சோதனை தேவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். 35-க்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவாக ஒத்துவராது.

இப்போது இன்னொரு கணக்கு. வயது 58, எஸ்ஜிஓடி 64, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 1.3 லட்சம். விடை 4.08. இது என் பெரியம்மாவின் சீட்டு. ஸ்கேனில் கிரேட் 1 என்றுதான் போட்டிருந்தது. சுகருக்குப் பன்னிரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'கிரேட் 1தானே, எண்ணெயைக் குறைங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று திருப்பிக் கொடுத்தேன். எண்கள் எல்லாம் அதிலேயே இருந்தன. உட்கார்ந்து வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான் அந்தக் கணக்கைப் போட்ட நாளில் அவர் கால் வீங்கிப் படுத்திருந்தார். அதன் பிறகு யார் சீட்டு கொண்டுவந்தாலும் முதலில் செல்போனில் கால்குலேட்டரைத் திறக்கிறேன்.

அடுத்த சோதனை ஃபைப்ரோஸ்கேன். விலாவின் இடுக்கில் ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டும். வலி கிடையாது. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போனால் போதும். ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று கிலோபாஸ்கல் கணக்கில் சொல்லும். 8-க்குக் கீழே வந்தால் நிம்மதி. எல்லா ஊரிலும் இந்தக் கருவி இல்லை. சேலம், பெங்களூர் போன்ற பெரிய ஊர்களில் இருக்கிறது. சிலருக்கு மட்டும் ஊசியால் ஈரலில் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டி வரும்.

எஸ்ஜிபிடி நார்மலாக இருக்கிறது. அப்படியானால் பயமில்லையே?

அப்படிச் சொல்ல முடியாது. கொழுப்பு ஈரல் உள்ள பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். என்சைம் நார்மல் என்றாலும் ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு வலியே இல்லை. இருந்தால் தெரியாதா?

தெரியாது. ஈரலுக்குள் வலி உணரும் நரம்பு இல்லை. அதை மூடிய உறை இழுபடும்போது சிலருக்கு வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கும். அசதி இருக்கும். அவ்வளவுதான். கேஸ் பிடித்தது, பித்தம் ஏறியது என்று வருபவர்களின் தொல்லைக்கு இது காரணமாக இருப்பது குறைவு.

நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்?

கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும். நம் நாட்டு உடம்பு வாகு அப்படி. அதனால்தான் எடையைப் பார்த்து நான் திருப்தி அடைவதில்லை, டேப்பை எடுக்கிறேன். தொப்புள் மட்டத்தில் ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80-க்கும் மேலே போனால் கவனம் வேண்டும். டேப் இல்லையென்றாலும் பரவாயில்லை. அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: 'கல்யாணத்தப்ப கட்டின அளவுக்கும் இப்பக்கும் எத்தனை விரல் கூடியிருக்கு?' கயிறு தொப்புளுக்குக் கீழேதான் கிடக்கும் என்பதால் டேப்புக்கு அது சமமில்லை. ஆனால் பதில் சொல்லும்போது அவர்களுக்கே புரிந்துவிடுகிறது.

அப்புறம் கழுத்து. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் மாதிரிக் கறுத்திருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கடலை மாவும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்துப் பிள்ளைகளின் கழுத்தைப் புண்ணாக்கிவிடுகிறார்கள். தேய்த்தால் போகாது. இன்சுலின் வேலை செய்யத் திணறுகிறது என்பதற்கு உடம்பு வெளியே காட்டும் அடையாளம் அது. அப்படி ஒரு கழுத்தைப் பார்த்தால் சுகரையும் ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

களியும் கூழும் சாப்பிட்ட ஊர் இது. நமக்கு ஏன் இந்த நோய்?

களி மேல் எனக்கும் மரியாதை உண்டு. எங்கள் வீட்டில் இன்றும் வாரம் நான்கு நாள் களிதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நூறு கிராம் கேழ்வரகு மாவில் இருக்கும் கலோரி, நூறு கிராம் அரிசியில் இருப்பதை விட ரொம்பக் குறைவு இல்லை. நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், அதுதான் அதன் பெருமை. மாவை நைஸாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சுகர் வேகமாகவே ஏறும். அந்தக் காலத்தில் இரண்டு உருண்டை தின்றவர் காலை ஆறு மணிக்கு ஏர் பிடித்தார். இன்று அதே இரண்டு உருண்டையைத் தின்றுவிட்டு பைக்கில் ஏறி ஓசூர் சிப்காட்டுக்குப் போய், எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார். உருண்டை மாறவில்லை. உடம்பு செய்யும் வேலை மாறிவிட்டது.

அதனால் களியை விட வேண்டாம். ஓர் உருண்டையாக்குங்கள். குறைந்த இடத்தில் கொள்ளுக் குழம்பையும், கடைந்த கீரையையும், அவரைக்காயையும் நிரப்புங்கள். கொள்ளில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கும் மேல் புரதம் இருக்கிறது. அது வயிற்றைத் தாங்கும். முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி தாராளமாகச் சாப்பிடலாம். சோறு சாப்பிடும் வேளையிலும் இதே முறைதான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ கறியோ, மீதிக் கால் பங்கு சோறு.

சோற்றை விட எனக்குக் கவலை தருவது டீக்கடை. ஒருவரிடம் உட்கார்ந்து எண்ணினோம். நாளைக்கு ஐந்து டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன் என்றால் ஏறத்தாழ 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. இதில் டீயோடு சாப்பிட்ட தேங்காய் பன்னையும், இரண்டு பிஸ்கட்டையும், ஷிப்ட் முடிந்து குடித்த பாட்டில் கூல்டிரிங்ஸையும் சேர்க்கவே இல்லை. நாம் போடும் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்ற வகை. அதைப் பெரும்பாலும் ஈரல்தான் தனியாகச் சமாளிக்கிறது, மிஞ்சியதைக் கொழுப்பாக்குகிறது. வெல்லம் போட்டால் பரவாயில்லையா என்று பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர்கள் கேட்பார்கள். வெல்லமும் கரும்புதான். ஈரலுக்கு இரண்டும் ஒன்று.

எண்ணெய்க்கு நான் சொல்லும் கணக்கு, ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டர். மாதம் முதல் தேதி தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். எந்த நாளில் தீர்கிறது என்பதே பாதிப் பாடம்.

மாம்பழம்?

மே, ஜூனில் கிருஷ்ணகிரியில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தோட்டம் வைத்திருப்பவரிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேவையும் இல்லை. நூறு கிராம் சதையில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை. ஒரு சின்ன செந்தூரா, அல்லது பெரிய பழத்தில் ஒரு கன்னம், சாப்பாட்டுக்குப் பதிலாகவோ இடையிலோ, அதுவும் கடித்துச் சாப்பிடுவதாக இருக்கட்டும். சாப்பாடு முடிந்த பிறகு மேலே மூன்று பழம் என்றால்தான் கணக்கு எகிறுகிறது. ஜூஸாகவும், டப்பாக் கூழில் சர்க்கரை சேர்த்தும் குடிப்பதைக் கட்டாயம் விடுங்கள். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு எடை குறைந்தால் ஈரல் சரியாகும்?

75 கிலோ இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 5 பங்கு, அதாவது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கினாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 பங்கு, ஐந்தேகாலில் இருந்து ஏழரைக் கிலோ இறங்கினால் அழற்சி அடங்கும். 10 பங்கைத் தாண்டினால் தழும்பே குறைந்தவர்கள் உண்டு. இவ்வளவு சேதத்தைத் தானே திருத்திக்கொள்ளும் உறுப்பு உடம்பில் வேறு எதுவும் இல்லை என்று தோன்றும். அவசரப்பட்டுப் பட்டினி கிடக்காதீர்கள். மளமளவென்று இளைத்தால் பித்தப்பையில் கல் வரும், ஈரலுக்கும் கெடுதல். வாரத்துக்கு அரைக் கிலோ, அதிகபட்சம் ஒரு கிலோ.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு 3 முதல் 5 பங்கு குறைந்தாலே பலன் தெரியும்.

நாள் முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். தனியாக நடக்க வேண்டுமா?

மண்வெட்டி பிடிக்கிற, புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருகிற வேலை என்றால் அதுவே போதும். மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்காருவது வேலைக் கணக்கில் சேராது. மற்றவர்களுக்கு வாரம் 150 நிமிஷம் வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். எடை இறங்காவிட்டாலும் நடையால் ஈரல் கொழுப்பு குறைகிறது. எனவே மெஷின் முள் நகரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் விடிகாலை வீடு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுப்பதை மட்டும் மாற்றினாலே நல்லது.

இதற்கு மாத்திரை இல்லையா?

எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாத்திரை இல்லை. இந்தியாவில் 2020-ல் சரோகிளிட்டசார் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சுகர் உள்ளவர்களுக்கு டாக்டர் பையோகிளிட்டசோன் தரலாம். சுகர் இல்லாத, அழற்சி உறுதியான சிலருக்கு வைட்டமின் ஈ தருவார்கள். அதை நாமாக மருந்துக்கடையில் வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கக்கூடாது, பக்கவிளைவு உண்டு. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோமுக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளூட்டைடு ஊசிக்கும், தழும்பு ஓரளவு முற்றிய, ஆனால் சிரோசிஸ் ஆகாதவர்களுக்கென்று அனுமதி கொடுத்தார்கள். இவை எல்லாமே சாப்பாட்டையும் நடையையும் மாற்றுவதோடு சேர்த்துத்தான்.

கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போதும் என்கிறார்களே?

மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது நம் வழக்கம். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கொழுப்பு ஈரல் காமாலை இல்லை. கீழாநெல்லி இந்தத் தழும்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எனக்குப் பெரிய பயம், பெயர் தெரியாத பொடிகள். 'லிவர் சுத்தம் செய்யும்' என்று செல்போனில் விளம்பரம் பார்த்து ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். இயற்கை என்பதால் ஈரலுக்கு ஆகாதது எதுவும் அதில் இருக்காது என்று சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் தொடர்ந்து குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். எதை எடுத்தாலும் டப்பாவோடு கொண்டுவந்து காட்டுங்கள். திட்ட மாட்டேன்.

ஈரல் கெட்டிருக்கும்போது கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். தானாக நிறுத்தாதீர்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது ஈரல் இல்லை, மாரடைப்பு. ஸ்டாட்டின் மாத்திரைகள் இந்த நோயில் பாதுகாப்பானவை. சுகருக்குத் தரும் மெட்ஃபார்மினும் அப்படியே. ஸ்டீராய்டு, டமாக்சிஃபென், அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகள் ஈரலில் கொழுப்பை ஏற்றும். அவற்றையும் டாக்டரைக் கேட்காமல் விடக்கூடாது.

காபி நல்லதாமே?

காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. தர்மபுரி வத்தல்மலையிலேயே காபி விளைகிறது. சர்க்கரை போடாமல் குடிக்க முடியுமென்றால் இரண்டு டம்ளர் குடியுங்கள். பழக்கமில்லாதவர்கள் மருந்து மாதிரித் தொடங்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கும் வருமா? கர்ப்பமாக இருப்பவர்களுக்கு?

பிள்ளைகளுக்கும் வருகிறது. கறுத்த கழுத்தும் தொப்பையும் இருந்தால் பார்க்க வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கும், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் திடீரென்று வரும் 'கடுமையான கொழுப்பு ஈரல்' முற்றிலும் வேறு நோய். வாந்தி, வயிற்று வலி, கண் மஞ்சள் என்றால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி.

எப்போது உடனே ஓட வேண்டும்?

ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பு மலம், வயிறு நீர் கட்டி உப்புதல், இரண்டு காலும் வீங்குதல், கண் மஞ்சளாகுதல், பேச்சு குழறித் தூக்கக் கலக்கமாக இருத்தல். இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

செலவுக்கு என்ன செய்வது? எங்கே போவது?

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொழுப்பு ஈரலைத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. எனவே 'இதெல்லாம் இங்கே பார்க்க மாட்டாங்க' என்று தயங்க வேண்டாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காவிடம் ஸ்கேன் சீட்டைக் காட்டுங்கள், அவர் எங்களிடம் அனுப்புவார். அதற்கு மேல் தேவைப்பட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மஞ்சள் காமாலை பி, சி இரண்டுக்கும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

மறுபடி எப்போது வர வேண்டும்? என்ன கொண்டுவர வேண்டும்?

ஃபிப்-4 குறைவாக இருந்தால், சுகர் உள்ளவர்கள் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். சிரோசிஸ் ஆனவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம், புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க. கிரேட் குறைந்ததா என்று மாதாமாதம் ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

வரும்போது பழைய ஸ்கேன் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பிளேட்லெட், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி மூன்றும் உள்ள ரத்தச் சீட்டு கட்டாயம். சாப்பிடும் மாத்திரை அட்டைகள், பொடி டப்பா இருந்தால் அதுவும். பெரியம்மாவின் சீட்டை நான் இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கணக்குப் போடத் தெரியாது என்பவர்களுக்கு அதை எடுத்து வைத்துத்தான் சொல்லித் தருகிறேன்.